சாந்தியின் வாயும் என் வாயும்

என் மனைவி என் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டு குதிரையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

இடம், மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு மாடியில் இருக்கும் அவளுடைய பல் கிளினிக். நேரம், சாயங்காலம். கீழே தெருவில் யாரோ பூக்காரம்மாவிடம் முழம் சின்னதாக இருக்கிறது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள். அறையில் கிராம்புத் தைல வாசனை. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று பல மாதமாக என்னைப் படுத்தி எடுத்துவிட்டது. இனி இழுத்தடிக்க முடியாது, பிடுங்கியே ஆகவேண்டும் என்று நாற்காலியில் படுக்க வைத்துவிட்டாள்.

"அன்னைக்கு கடிவாளத்துல அந்த நீட்டக் கம்பி வச்ச பிட்டையும் போட்டுப் பாத்தாச்சுங்க" என்றாள் ஜெயா. "வலது பக்கம்னா வெண்ணெய் மாதிரி திரும்புது. இடது பக்கம் வந்தா மட்டும் தலையைத் தூக்கிடுது. என்ன எழவுன்னே புரியலை."

மரத்துப்போக ஊசி போட்டிருந்தாள். பல் இருக்கிற இடமே தெரியவில்லை. அவளுடைய வலது கை இடுக்கியை வைத்துக்கொண்டு ஏதோ நுணுக்கமாக வேலை செய்துகொண்டிருந்தது. அது நல்ல கை. ஊர் பூராவும் அந்தக் கைக்குப் பெயர் உண்டு. வலித்தது அங்கே இல்லை. அவளுடைய இடது கை என் தாடையைக் கீழிருந்து பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்றால் சும்மா இல்லை, திருகாணி முடுக்கின மாதிரி.

தாங்காமல் தலையைக் கொஞ்சம் தூக்கினேன்.

"தலையைத் தூக்காதீங்க" என்று இடது கையை இன்னும் இறுக்கினாள்.

நான் இன்னும் தூக்கினேன். அவள் இன்னும் இறுக்கினாள்.

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை வருஷ வாழ்க்கையில் இவ்வளவு தெளிவாக எனக்கு எதுவுமே புரிந்ததில்லை. ஆனால் வாயில் இடுக்கி, பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய்.

"ஆங்! ஆங்!" என்றேன்.

"இருங்க, முடிஞ்சிடுச்சு" என்றாள்.

கேட்காமலே திறந்த வாய்

போன வாரம் சாயம் போன கல்யாணப் பட்டுப்புடவையைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியதைப் படித்தவர்களுக்கு என் தொழில் தெரியும். தெரியாதவர்களுக்கு: தி. நகரில் பெரிய ஜவுளிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்களுக்கு மேட்சிங் சென்டர் இருக்கிறது. பிளவுஸ் துணி, லைனிங், ஃபால்ஸ். புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு வருவார்கள், அதே நிறத்தில் துணி எடுத்துக் கொடுக்கவேண்டும். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது எங்கள் குடும்பம். அதில் குதிரை ஏறியவர் யாரும் இல்லை. ஏற்றிவிட்டவர்கூட இல்லை.

அப்படியிருக்க குதிரை எப்படி வந்தது என்றால், ஜெயாவின் தொழிலால் வந்தது.

பல் டாக்டரைப் பார்த்து யாரும் சந்தோஷமாக வருவதில்லை. எல்லோரும் பயந்துகொண்டுதான் வருவார்கள். கல்யாண வீடுகளில் அவளைக் கண்டதும் பெரியம்மாக்கள், சித்திகள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்கள். எங்கள் பெண் சின்ன வயதில் அம்மா கூப்பிட்டால் முதலில் உதட்டை இறுக்கிக்கொண்டுதான் வருவாள். ஜெயா இதையெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிப்பாளே தவிர அவளுக்கு அது பிடிக்காது என்பது எனக்குத் தெரியும்.

பெண் வேலை கிடைத்து பெங்களூர் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருவான்மியூரில் சாமி கும்பிட்டுவிட்டு, அப்படியே கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போய் இளநீர் குடிக்க நிறுத்தினோம். பக்கத்தில் ஒரு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் செம்பழுப்பு நிறத்தில் ஒரு குதிரை நின்றுகொண்டிருந்தது. ஜெயாவைப் பார்த்ததும் அது நேராக நடந்து வந்து, வேலிக்கு மேலே தலையை நீட்டி, அவள் முகத்துக்கு முன்னால் வாயை நன்றாகத் திறந்து ஒரு கொட்டாவி விட்டது.

ஜெயா இளநீரை என் கையில் கொடுத்துவிட்டாள்.

"கேக்காமலே வாயைத் திறந்திருக்கு பாருங்களேன்!" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே குதிரை ஏற்றத்துக்குச் சேர்ந்துவிட்டாள். வயது ஐம்பதை எட்டிப்பிடிக்கிற நேரம். வேண்டாம் என்று சொல்லி என்ன ஆகப்போகிறது.

கேப்டனின் பெட்டி

அந்த லாயத்தை நடத்துகிறவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். ராணுவக் கேப்டன் இல்லை, சரக்குக் கப்பல் கேப்டன். ஓய்வு பெற்றபின் டெக்ஸாஸில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போனார். அங்கே டிரம் சுற்றும் குதிரைப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அதோடு ஆள் மாறிவிட்டார்.

பந்தயம் ஒன்றும் பிரமாதமில்லை. முக்கோணமாக மூன்று டிரம். குதிரை பாய்ந்து வந்து முதல் டிரம்மை வலது பக்கமாகச் சுற்றவேண்டும். அடுத்த இரண்டையும் இடது பக்கமாகச் சுற்றவேண்டும். பிறகு வந்த வழியே ஒரே ஓட்டம். டெக்ஸாஸில் இரும்பு எண்ணெய்ப் பீப்பாய் வைப்பார்களாம். இங்கே நீல பிளாஸ்டிக் டிரம். சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம் வந்தபோது லாரித் தண்ணீர் பிடிக்க வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அதே டிரம். அதில் ஒன்று எங்கள் வீட்டினுடையது. ஜெயா நன்கொடையாகக் கொடுத்தாள்.

திரும்பும்போது ஓட்டுகிறவர் ஒரு கையால்தான் லகானைப் பிடிப்பார். வலது பக்கம் திரும்பினால் வலது கை லகானில், இடது கை சேணத்தின் முன்னால் கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடியில். இடது பக்கம் என்றால் கை மாறிவிடும். இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

கேப்டன் டெக்ஸாஸிலிருந்து ஒரு பெட்டி நிறைய பிட்டும் கொண்டுவந்திருந்தார். குதிரையின் வாய்க்குள் போகிற இரும்புத் துண்டைத்தான் பிட் என்கிறார்கள். கடிவாளம் என்று நாம் மொத்தமாகச் சொல்வதில் உள்ளே இருக்கும் பாகம் அது. ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது: நடுவில் மூட்டு வைத்தது, இரண்டு மூட்டு வைத்தது, ரப்பர் சுற்றியது, இரண்டு பக்கமும் நீளக் கம்பி தொங்குவது, வாய்க்கே போகாமல் மூக்குமேல் உட்காருவது. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்த்த அதிகாரி "இது எதுக்கு சார்?" என்றாராம். "குதிரை வாய்க்கு" என்றார் கேப்டன். "குதிரை எங்கே?" என்று அதிகாரி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாராம்.

கொட்டாவி விட்ட குதிரையின் பெயர் சாந்தி. கிண்டி ரேஸில் ஓடி ஓய்வு பெற்றவள். அங்கே ஏதோ நீளமான இங்கிலீஷ் பெயர், யாருக்கும் ஞாபகமில்லை. சாந்தி என்று யார் வைத்தது என்றும் தெரியவில்லை. லாயத்துக் காவலாளியின் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் சவுக்குத் தோப்புவரை ஓடிவிட்டுத்தான் நிற்பாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. ஜெயா கடிவாளத்தோடு போனால் சாந்தி தானே தலையைத் தாழ்த்தி வாயைத் திறப்பாள். ஜெயா காரில் திரும்பி வரும்போது அதை மறுபடி மறுபடி சொல்வாள். டிரம் சுற்றப் பழக ஆரம்பித்த பிறகுதான் வந்தது வினை. முதல் டிரம்மில் அழகாகத் திரும்புவாள். இரண்டாவது டிரம்மில் தலை வானத்தைப் பார்க்கும், அப்படியே நேராகப் போய்விடுவாள்.

கேப்டன் ஒருநாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கூப்பிட்டார்.

"டாக்டர், இங்க சும்மா நிக்கிற குதிரைக்கு இடம் கிடையாது. அது என் கொள்கை. பொங்கல் கழிச்சு நம்ம போட்டி இருக்கு. சாந்தி மூணு டிரம்மையும் சுத்தி வந்தா இருக்கட்டும். இல்லேன்னா பாஸ்கர் கேட்டுக்கிட்டிருக்கான், அனுப்பிடுவேன்."

பாஸ்கர் கல்யாண ஊர்வலத்துக்கு சாரட் வண்டியும் குதிரையும் விடுகிறவர். பேண்டு செட், ஆயிரம்வாலா, ஜெனரேட்டர், டியூப்லைட் தூக்கிக்கொண்டு ரெண்டு பக்கமும் ஆட்கள். அதற்கு நடுவில், குக்கர் விசிலுக்கு ஓடுகிற சாந்தி.

நாமே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். மந்தைவெளியில் இரண்டாவது மாடி. லிஃப்டில் நாலு பேர்தான் நிற்கலாம்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து ஜெயா அழுதாள். அதற்கு முன்னால் அவள் அழுது நான் பார்த்தது பெண்ணை பெங்களூர் ரயிலில் ஏற்றிவிட்ட அன்றுதான். எனக்குக் குதிரையைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தக் குதிரை எங்கேயும் போகக்கூடாது என்று அப்போது முடிவு செய்துவிட்டேன். என் முடிவால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பது வேறு விஷயம்.

டியூப்லைட்டும் கத்திரிப்பூ நிறமும்

ஜெயா பல் டாக்டராக யோசித்தாள். குதிரை தலையைத் தூக்குகிறது என்றால் வாயில் வலி. டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு போய் சாந்தியின் வாயைப் பார்த்தாள். கால்நடை மருத்துவரையும் வரவழைத்துப் பார்க்கச் சொன்னாள். இரண்டு டாக்டரும் அரைமணி நேரம் பார்த்துவிட்டு, இவ்வளவு நல்ல பல்லை மனுஷர்களிடம்கூடப் பார்த்ததில்லை என்று ஒரே முடிவுக்கு வந்தார்கள்.

பல்லில் கோளாறு இல்லை என்றால், பல்லுக்குப் பக்கத்தில் போகிற இரும்பில்தான் கோளாறு. கேப்டனின் பெட்டி திறந்தது.

சாதா மூட்டு பிட்டை எடுத்துவிட்டு இரண்டு மூட்டு போட்டாள். இடது பக்கம் தலை மேலே. ரப்பர் சுற்றியதைப் போட்டாள். சாந்தி அதை பபிள்கம் மாதிரி மென்றுகொண்டே தலையைத் தூக்கினாள். லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்ளும் மூர்த்தி ஒவ்வொரு தடவையும் "இது செட் ஆயிரும் டாக்டரம்மா, கண்டிசனா ஆயிரும்" என்பான். அவனுக்கு எல்லாமே செட் ஆகிவிடும். ஆகாதபோது "இன்னாத்துக்கு இப்டி பண்ணிக்கினு கீது?" என்று குதிரையையே கேட்பான்.

ஒருநாள் மூக்குமேல் உட்காருகிற வகையைப் போட்டார்கள். வாய்க்குள் ஒன்றுமே கிடையாது. அப்போதும் இரண்டாவது டிரம்மில் சாந்தி தலையைத் தூக்கினாள், இளநீர்க் கடை வரைக்கும் போனாள். வாயில் ஒன்றுமே இல்லாமல் தூக்குகிறது என்றால் கோளாறு வாயில் இல்லை. இது சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். படித்த டாக்டருக்கும் புரியவில்லை, வேலியில் சாய்ந்துகொண்டிருந்த துணி வியாபாரியான எனக்கும் புரியவில்லை. இளநீர்க்காரர் மட்டும் "வெட்டவா?" என்று கேட்டார்.

இதில் எனக்குத்தான் வெட்கம் அதிகம். ஏனென்றால் இதே கதையை நான் கடையில் தினமும் பார்க்கிறேன்.

ஒரு தடவை ஒரு அம்மா மகள் நிச்சயதார்த்தத்துக்குக் கத்திரிப்பூ நிறப் புடவையோடு வந்தார். அலமாரியில் இருந்த ஊதா, கத்திரி, நாவல், திராட்சை எல்லாம் இறங்கிவிட்டது. எதுவும் சேரவில்லை. துணியை மாற்றி மாற்றிப் போட்டதில் கடைப் பையனுக்குத் தோள் வலி வந்துவிட்டது. கடைசியில் அந்தம்மா கோபித்துக்கொண்டு வெளியே போய் வெயிலில் புடவையை விரித்தார். முதல் முதலில் காட்டிய துணி அச்சாக அதே நிறம். கோளாறு எங்கள் டியூப்லைட்டில். அன்றிலிருந்து கடையில் எழுதாத சட்டம், மூன்று துணி சேரவில்லையா, நான்காவதை எடுக்காதே, வெளிச்சத்தை மாற்று.

சட்டம் போட்டவன் நான். போட்டவனே ஐந்தாறு பிட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீட்டக் கம்பி பிட்தான் மோசம். கொஞ்சம் இழுத்தாலே நிறைய இழுக்கும் ஜாதி அது. அன்றைக்கு இரண்டாவது டிரம்மில் சாந்தி தலையைத் தூக்கவில்லை, முன்னங்காலையே தூக்கிவிட்டாள். ஜெயா எப்படி விழாமல் இருந்தாள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மறுநாள் கடிவாளத்தோடு பக்கத்தில் போனபோது சாந்தி பல்லை இறுக்கிக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஜெயா கடிவாளத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகு மூர்த்தியிடம் கொடுத்துவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தாள்.

அந்த வாரம்தான் என் பல் வலி முற்றியது.

நாற்காலியில் மறுபடியும்

பல் வந்துவிட்டது. பஞ்சை வைத்துக் கடிக்கச் சொன்னாள். "ஒரு மணி நேரம் பேசக்கூடாது" என்றாள்.

பேசாமல் எப்படி இருப்பது? பொங்கலுக்கு அதிக நாள் இல்லை. மார்பில் துண்டு மாட்டியிருந்த சங்கிலியைக் கழற்றினேன். இரண்டு நுனியிலும் கிளிப் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அந்தச் சங்கிலியை என் வாய்க்குக் குறுக்கே பிடித்துக்கொண்டு, ஒரு நுனியை அவளுடைய வலது கையிலும் மறு நுனியை இடது கையிலும் கொடுத்தேன். கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

உதவிக்கு இருக்கும் பெண் கதவருகே போய்விட்டாள்.

"என்னங்க, ஊசி ஏதாவது ஒத்துக்கலையா?" என்றாள் ஜெயா. குரலில் நிஜமான பயம்.

நான் தலையை வலது பக்கம் திருப்பினேன். சங்கிலி என் கூடவே வந்தது. இடது பக்கம் திருப்பினேன். சுவரில் கட்டிப்போட்ட மாதிரி நின்றது. வலது பக்கம், வந்தது. இடது பக்கம், நின்றது. திரும்பி அவள் இடது கையைக் காட்டினேன். அப்புறம் என் தாடையைக் காட்டினேன். அங்கே அவளுடைய விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன.

ஜெயா தன் இடது கையைப் பார்த்தாள். விரல்கள் சங்கிலி நுனியை இறுக்கிப் பிடித்திருந்தன. அவள் பிடிக்கச் சொல்லவில்லை. அது தானாகப் பிடித்திருந்தது.

"இது பிடிக்கலைன்னா தாடை ஆடும்ங்க" என்றாள் மெதுவாக. "வலது கை எதாவது பண்ணினா இது போய் இறுக்கிக்கும். காலேஜ்ல அப்படித்தான் பழக்கினாங்க. இடது பக்கம் திரும்பறப்ப லகான் இந்தக் கையிலதானே இருக்கு."

அப்புறம் நாற்காலி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப சாந்தியும் என்னைப் பாத்துத்தான் பயப்படுது" என்றாள்.

நான் பேசக்கூடாது. அந்த இடது கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். கீழே பூக்காரம்மாவின் சண்டை சமாதானமாகியிருந்தது.

மொட்டை மாடியில் மூன்று கேன்

மறுநாள் காலையிலிருந்து எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் நான் குதிரை.

மூன்று காலி தண்ணீர் கேன் டிரம்மாக நின்றது. கேப்டனிடம் லகானோடு ஒரு கடிவாளம் இரவல் வாங்கி வந்திருந்தோம். பிட்டை வாயில் போட்டுக்கொள்ளத் தயார் என்றேன், பிடுங்கின இடம் ஆறவில்லை என்று டாக்டர் அனுமதிக்கவில்லை. அதனால் இரண்டு கையாலும் மார்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பின்னால் லகானைப் பிடித்துக்கொண்டு ஜெயா ஓடினாள். இரண்டாவது கேனில் பிட் என் கையைப் பிய்த்துக்கொண்டு போகும்.

"இறுக்குற!"

"இல்லைங்க, விட்டுட்டேன்!"

"எங்க விட்ட? என் விரல் நசுங்குது!"

இறுக்குவது அவளுக்கே தெரியவில்லை, அதுதான் தொல்லை. கடைசியில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். இடது கையில் லகானோடு சேர்த்து ஒரு ரவா லட்டைக் கொடுத்தேன். நெய் கம்மியாகப் பிடித்த லட்டு, கொஞ்சம் அழுத்தினாலே பொடியாகிவிடும்.

முதல் நாள் மொத்த லட்டும் மாடியில் ரவையாகக் கிடந்தது. இரண்டாம் நாள் எறும்பு வந்தது. மூன்றாம் நாள் கீழ்வீட்டு கமலா மாமி வந்தார். மாடியில் வடாம் காயப்போட வந்தவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கேனைச் சுற்றி ஓடுகிற என்னையும், பின்னால் லகானோடு வருகிற டாக்டரையும் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

"என்ன சார் பண்ணிண்டிருக்கேள் ரெண்டு பேரும்?"

"குதிரை பழகறோம் மாமி" என்றேன்.

மாமி கொஞ்ச நேரம் யோசித்தார். "சரி, பழகிக்கோங்கோ. ஆனா எறும்பு என் வடாத்துக்கு வராம பாத்துக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாளிலிருந்து ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். லட்டு உடைந்தால் "போச்சு!" என்பார்.

மார்கழி முடிகிற சமயம், ஒரு காலை, மூன்று கேனையும் சுற்றி வந்து நின்றோம். ஜெயா இடது கையைத் திறந்தாள். லட்டு முழுசாக இருந்தது. மேலே பதித்த முந்திரிகூட அசையவில்லை.

மாமி கைதட்டினார். நான் அந்த லட்டை எடுத்துச் சாப்பிட்டேன், மறுபக்கக் கடைவாயால்.

சாரட் பாஸ்கர்

போட்டி அன்று லாயத்தில் ஷாமியானா போட்டு, சுண்டல் கொடுத்தார்கள். பாஸ்கர் காலையிலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், கையில் மணியும் சிவப்புக் குஞ்சமும் வைத்த ஜோடனைக் கடிவாளம். குதிரை ஏற்றும் வண்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தார். எனக்குச் சுண்டல் இறங்கவில்லை.

"எந்த பிட் போடறீங்க டாக்டர்?" என்றார் கேப்டன், பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு.

"பழசு. ஆணியில தொங்குதே, அந்த சாதா மூட்டு."

"அப்ப இத்தனை நாள் மாத்தினதெல்லாம்?"

"சும்மா மாத்தினது சார்" என்றாள்.

மூன்று வாரமாக சாந்திமேல் உட்கார்ந்து இடது கையைத் தளர்த்திப் பழகியிருந்தாள். நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. ஆனால் கூட்டம், மைக், பாஸ்கரின் மணி எல்லாம் இருக்கும்போது கை எந்தப் பழக்கத்துக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? லட்டோடு ஓட்டலாமா என்று கேப்டனைக் கேட்டேன். டெக்ஸாஸில் லட்டு கிடையாது என்று சொல்லிவிட்டார்.

மற்றவர்கள் எல்லாம் இளவட்டம். புழுதி பறக்கச் சுற்றிவிட்டுப் போனார்கள். கடைசியில் ஜெயா.

சாந்தி பாய்ந்து வந்தாள். முதல் டிரம், வலது பக்கம், எப்போதும்போல வெண்ணெய். ஜெயாவின் கை மாறியது. இரண்டாவது டிரம். நான் என் இடது கையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன், நான் திறந்தால் அவளும் திறப்பாள் என்கிற மாதிரி. சாந்தியின் காது பின்னால் போனது. தலை கொஞ்சம் எழும்பியது. எழும்பிய தலையை எந்தக் கையும் இறுக்கவில்லை. தலை இறங்கியது. அவள் திரும்பிவிட்டாள்! எங்கள் வீட்டு நீல டிரம்மைச் சுற்றி, உரசாமல், முழு வட்டம்.

மூன்றாவது டிரம்மும் அப்படியே. நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, மூர்த்தி பிறகு சொல்லிக்காட்டியதை இங்கே எழுதமுடியாது.

இனி ஓடிவரவேண்டியதுதான் பாக்கி. ஜெயா அழ ஆரம்பித்துவிட்டாள். கண்ணைத் துடைக்க இரண்டு கையாலும் லகானை விட்டுவிட்டாள். லகான் கழுத்தில் கிடந்தது. சாந்திக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு, கோயில் பிரகாரம் சுற்றுகிறவர்கள் மாதிரி நிதானமாக நடந்து எல்லைக்கோட்டைத் தாண்டினாள். கடைசி இடம். அதில் சந்தேகமே இல்லை.

"ஆஹா!" என்றார் பாஸ்கர். "இன்னா நடை சார் இது! மாப்ள மேல குந்திக்கினு போனா தூக்கமே வந்துரும். இதான் சார் கல்யாண நடை!"

நான் கேப்டனைப் பார்த்தேன்.

கேப்டன் கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு டிரம்மையும் சுத்தினது சரி. ஆனா ரேஸ்னா ஓடி வரணும். இது நடந்துல்ல வந்திருக்கு" என்றார். கொஞ்சம் யோசித்தார். "பாஸ்கர், நீ உன் கடிவாளத்தைப் போட்டுப் பாரு."

கிழிஞ்சது போ என்று நினைத்துக்கொண்டேன்.

மூர்த்தி பழைய கடிவாளத்தைக் கழற்றினான். பாஸ்கர் மணிக் கடிவாளத்தை எடுத்துக்கொண்டு போனார். சாந்தி பல்லைக் கடித்துக்கொண்டாள். வெல்லம் கொடுத்தார், உதட்டால் வாங்கிக்கொண்டு மறுபடி கடித்துக்கொண்டாள். வாயோரத்தில் கட்டைவிரலை விட்டுப் பார்த்தார். "தொறடி கண்ணு, தொறம்மா" என்றார். மணிதான் ஆடியதே தவிர வாய் திறக்கவில்லை. வெள்ளைச் சட்டை முழுக்க எச்சில்.

"டாக்டரம்மா, நீங்க வாய் தொறக்கற டாக்டராமே? கொஞ்சம் சொல்லிப் பாருங்களேன்" என்றார்.

ஜெயா போகாமல் இருந்திருக்கலாம். போனாள். கடிவாளத்தை வலது கையில் வாங்கிக்கொண்டாள். இடது கையை விரித்து சாந்தியின் தாடைக்குக் கீழே கொண்டுபோனாள். தொட்டதா தொடவில்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

சாந்தி தலையைத் தாழ்த்தி, வாயை நன்றாகத் திறந்தாள்.

பாஸ்கர் சாந்தியைப் பார்த்தார், ஜெயாவைப் பார்த்தார், கேப்டனைப் பார்த்தார்.

"டாக்டரம்மா எல்லா முகூர்த்தத்துக்கும் வருவாங்களா சார்?"

கேப்டன் ஜெயாவைப் பார்த்தார்.

"மாட்டேன்" என்றாள் ஜெயா.

"அப்ப எனக்கு வேணாம் சார். அங்க மாப்ள மாலையோட நின்னுக்கினு இருக்கறப்ப, நான் இங்க இது வாயை நோண்டிக்கினு இருக்க முடியாது." மணிக் கடிவாளத்தை வாங்கித் துடைத்துக்கொண்டார். வண்டி காலியாகவே திரும்பிப் போனது.

கேப்டன் கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் போட்டார். "நடந்து வந்தாலும் வந்ததுதான்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுச் சுண்டல் பக்கம் போனார். சாந்தி இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறாள். அதற்கப்புறம் பந்தயத்தில் ஜெயித்ததில்லை, விசிலுக்கு ஓடுவதை நிறுத்தவும் இல்லை.

காரில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். திருவான்மியூர் சிக்னலில் நின்றபோது ஜெயா சொன்னாள்.

"பிடுங்கின இடத்துல பல்லு கட்டணும்ங்க. செவ்வாய்க்கிழமை வாங்க."

போனேன். நாற்காலியில் படுத்தேன். விளக்கை இழுத்து என் முகத்துக்கு நேராக வைத்தாள். அவளுடைய இடது கை என் தாடைக்குக் கீழே வந்து நின்றது.

அவள் சொல்வதற்கு முன்னாலேயே நான் வாயைத் திறந்திருந்தேன்.